பூச்சியின் வாயைப் பாருங்கள்

ஒரு செடியில் இலை ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. பக்கத்துச் செடியில் ஓட்டை இல்லை. ஆனால் இலை சுருண்டு கிடக்கிறது. மஞ்சளாகிவிட்டது. இரண்டையும் பார்த்து, "பூச்சி விழுந்துவிட்டது" என்று சொல்வோம். கடைக்குப் போவோம். "பூச்சி மருந்து கொடுங்கள்" என்று கேட்போம்.

இங்கேதான் தவறு தொடங்குகிறது. ஓட்டை போட்ட பூச்சி வேறு. இலையைச் சுருட்டிய பூச்சி வேறு. இரண்டுக்கும் வாய் வேறு வேறு. வாய் வேறு என்றால் உணவு வேறு. அதைத் தடுக்கும் வழியும் வேறு.

நமக்கு முதுகெலும்பு உண்டு. ஆடு, மாடு, கோழி, மீன், பாம்பு எல்லாவற்றுக்கும் உண்டு. பூச்சிக்கு முதுகெலும்பு இல்லை. சிலந்தி, அட்டை, நத்தை, மண்புழு ஆகியவற்றுக்கும் இல்லை. உலகில் உள்ள விலங்கு வகைகளில் மிகப் பெரும்பாலானவை முதுகெலும்பு இல்லாதவையே. முதுகெலும்பு உள்ள விலங்குகளில் பெரும்பாலானவற்றின் வாய் ஒரே மாதிரிதான். மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை. முதுகெலும்பு இல்லாதவற்றின் வாயோ பல மாதிரி. கத்தரி போல ஒன்று. ஊசி போல ஒன்று. பஞ்சு போல ஒன்று. துருவி போல ஒன்று.

கத்தரி போன்ற வாய்

வெட்டுக்கிளியைப் பிடித்து அதன் முகத்தை உற்றுப் பாருங்கள். முன்னால் ஒரு மூடி தெரியும். அது மேல் உதடு. அதற்குப் பின்னால் கெட்டியான இரண்டு தாடைகள் இருக்கும். நம் தாடை மேலும் கீழும் அசையும். வெட்டுக்கிளியின் தாடைகள் இடமும் வலமும் அசையும். கத்தரிக்கோலைப் படுக்க வைத்து வெட்டுவது போல அது இலையை வெட்டும். பின்னால் இன்னும் ஒரு ஜோடி சிறு தாடைகள் உண்டு. அவை இலைத்துண்டைப் பிடித்து உள்ளே தள்ளும். ருசி பார்க்க, விரல் போன்ற சிறு உறுப்புகளும் வாயைச் சுற்றி உண்டு.

ஒரு வெட்டுக்கிளியின் எடை சுமார் 2 கிராம். ஒரு நாளில் ஏறக்குறைய தன் எடை அளவுக்குத் தின்னும். 2 கிராம் இலை போனால் என்ன என்று தோன்றும். பாலைவன வெட்டுக்கிளி கூட்டமாக வரும். ஒரு சதுர கிலோமீட்டர் கூட்டத்தில் 8 கோடி வரை இருக்கலாம். 2019-ஆம் ஆண்டிலும் 2020-ஆம் ஆண்டிலும் இந்தக் கூட்டம் ராஜஸ்தானுக்குள் புகுந்தது. 2020 மே மாதம் ஜெய்ப்பூர் நகரத்தின் வானத்தையே மறைத்தது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம் வரை பரவியது. மக்கள் தட்டைத் தட்டினார்கள். தகர டப்பாவை அடித்து விரட்டினார்கள்.

காய்ப்புழு, இலைப்புழு, வண்டு, கரையான் எல்லாவற்றுக்கும் இதே கத்தரி வாய்தான். கம்பளிப்பூச்சி வளர்ந்து வண்ணத்துப்பூச்சி ஆனதும் இந்த வாய் போய்விடும். தேன் உறிஞ்சும் நீண்ட குழல் வந்துவிடும். வேண்டாதபோது அதைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். பட்டுப்பூச்சியின் கதை இன்னும் விசித்திரம். கர்நாடகத்தில் பட்டு வளர்ப்போர் வீடுகளில் புழு இரவும் பகலும் மல்பெரி இலை தின்னும். தின்னும் சத்தம் தூறல் போலக் கேட்கும். கூட்டிலிருந்து அந்துப்பூச்சியாக வந்த பிறகு அது எதையும் தின்னாது. தின்பதற்கு ஏற்ற வாயே அதற்கு இல்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாள் வாழும். முட்டையிட்டுவிட்டு இறந்துவிடும்.

ஊசி போன்ற வாய்

அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ. இவற்றுக்கு வெட்டும் தாடை கிடையாது. தாடைகள் நீண்டு மெலிந்து மயிர் போன்ற ஊசிகளாக மாறியிருக்கும். நான்கு ஊசிகள். நான்கும் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். நடுவே இரண்டு நுண்ணிய குழாய்கள் இருக்கும். ஒரு குழாய் வழியாகப் பூச்சி தன் எச்சிலைச் செடிக்குள் இறக்கும். இன்னொரு குழாய் வழியாகச் சாறு மேலே வரும்.

இலையில் ஓட்டை விழாது. சாறு மட்டும் போய்விடும். சாறு போன இலை சுருங்கும், வெளுக்கும், வாடும்.

செடியின் சாற்றில் சர்க்கரை அதிகம். பூச்சிக்கு அவ்வளவு சர்க்கரை தேவையில்லை. மீதியைப் பாகு போல வெளியே தள்ளிவிடும். இலையைத் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டும். அதைத் தேடி எறும்பு வரும். அதன் மேல் கரும்பூசணம் படரும். இலை கரி பூசியது போல ஆகிவிடும். செடியில் எறும்பு சாரைசாரையாக ஏறினால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அநேகமாக அங்கே அசுவினி இருக்கும்.

சாறு போவது ஒரு கேடு. அதைவிடப் பெரிய கேடு எச்சில். நோயுள்ள செடியில் குத்திய ஊசி நல்ல செடியிலும் குத்துகிறது. ஒரே ஊசியை மாற்றாமல் பத்துப் பேருக்குப் போட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கும் நடக்கிறது. பருத்தியில் இலைச்சுருள் நோயைப் பரப்புவது வெள்ளை ஈதான்.

பஞ்சாபில் நடந்தது

2002-ஆம் ஆண்டு இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த குணத்தை இந்தப் பருத்தியில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் செடிக்குள்ளேயே ஒரு நஞ்சு உண்டாகும். காய்ப்புழு செடியைக் கடித்துத் தின்னும்போது அந்த நஞ்சு அதன் குடலுக்குப் போகும். குடல் கெட்டுப் புழு சாகும். தொடக்கத்தில் காய்ப்புழுவின் தொல்லை நன்றாகக் குறைந்தது.

"இனிப் பூச்சிக் கவலை இல்லை" என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அந்த நஞ்சு புழுக்களுக்காக வந்தது. ஊசி வாய்ப் பூச்சிகளை அது ஒன்றும் செய்யாது. 2015-ஆம் ஆண்டு பஞ்சாபில் பருத்தி வயல்களில் வெள்ளை ஈ மொய்த்தது. பி.டி. பருத்தியும் தப்பவில்லை. விவசாயிகள் மருந்து மேல் மருந்து அடித்தார்கள். கடன் ஏறியதே தவிர ஈ குறையவில்லை. பருத்தி பெருமளவு அழிந்தது. சிலர் பயிரை உழுதே போட்டார்கள்.

வெள்ளை ஈ இலையின் அடிப்பக்கத்தில் உட்காரும். மேலே அடித்த மருந்து மேலேயே நின்றுவிடும். அடிப்பக்கம் அதற்கு ஒரு கூரை போல. அதோடு, மருந்து அடிக்க அடிக்க அதைத் தாங்கும் ஈக்கள் பெருகின. ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளோ செத்துப்போயின.

புழுவும் சும்மா இருக்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஆண்டுகள் செல்லச் செல்ல பி.டி. நஞ்சையே தாங்கப் பழகிவிட்டது. முட்டையிலிருந்து வந்ததும் அது காயைத் துளைத்து உள்ளே போய்விடும். பிறகு வெளியே எந்த மருந்தை அடித்தாலும் அதன் வாய்க்கு எட்டாது.

மருந்தா, நஞ்சா?

நாம் மருந்து என்று சொல்கிறோம். உண்மையில் அது நஞ்சு. பூச்சிக்கு மட்டும் நஞ்சு அல்ல. அடிக்கிறவருக்கும் நஞ்சு.

2017-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் நஞ்சேறி விழுந்தார்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். கூலிக்கு அடித்தவர்களும் அவர்களில் உண்டு. செடி உயரமாக வளர்ந்திருந்தது. மருந்துத் தூறல் முகத்திலேயே பட்டது. பலரிடம் கையுறை, முகமூடி எதுவும் இல்லை. இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடிக்கும் வழக்கமும் இருந்தது.

எந்தப் பூச்சி என்று தெரியாமல் எல்லாவற்றையும் கலக்கிறோம். தெரிந்தால் கலக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பாதித்த இலையைப் பறித்து வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். அது செலவில்லாத வேலை.

பூச்சிகொல்லிகளில் பல வகை உண்டு. ஒரு வகை இலைமேல் படிந்திருக்கும். இலையைக் கடித்துத் தின்னும் புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் கொல்லும். சாறு மட்டும் உறிஞ்சும் அசுவினியை இது தொடாது. ஊசி இலைக்கு உள்ளே அல்லவா போகிறது! இன்னொரு வகை செடியின் சாற்றிலேயே கலந்துவிடும். இது உறிஞ்சும் பூச்சிக்கு உரியது. மூன்றாவது வகை பூச்சியின் உடலில் பட்டாலே கொல்லும். அது நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று பார்க்காது.

பூச்சியின் வாயை மூட வைக்கும் பொருள் ஒன்றும் நம் ஊர்களிலேயே உண்டு. அது வேப்பங்கொட்டை. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் துணியில் கட்டி ஓர் இரவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். பிழிந்து வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 100 லிட்டர் ஆக்க வேண்டும். கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலை வேளையில் அடிக்க வேண்டும். கசப்பு பட்ட இலையைப் பல புழுக்கள் தின்னாது. வெள்ளை ஈக்கு இன்னொரு வழியும் உண்டு. மஞ்சள் வண்ணம் அடித்த தகரத்தில் விளக்கெண்ணெய் தடவி வயலில் நட்டு வைக்கலாம். மஞ்சளைத் தேடி வரும் ஈ அதில் ஒட்டிக்கொள்ளும்.

நெல்லில் புகையான்

நெல் வயலில் அங்கங்கே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்திருக்கும். தீயில் கருகியது போலத் தெரியும். புகையான் தாக்கினால் அப்படித்தான் ஆகும். இதுவும் ஊசி வாய்ப் பூச்சி. தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே, கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். பயிரின் தலையில் மருந்து அடித்தால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் அந்த மருந்தில் சிலந்தி சாகும். சிலந்தியால் மென்று தின்ன முடியாது. அது இரையைக் கடித்து நஞ்சை ஏற்றும். பிறகு செரிக்கும் நீரை அதன்மேல் விட்டுக் கரைக்கும். கரைந்ததைக் குடிக்கும். நெல் வயலில் ஒவ்வொரு நாளும் புகையானைக் குடித்துத் தீர்க்கிறவர் அவர்தான். சிலந்தி போனால் புகையானுக்குக் கொண்டாட்டம். மருந்து அடித்த வயலில் புகையான் முன்பைவிட அதிகமாவது இதனால்தான்.

தண்ணீரை வடியவிட்டால் புகையான் குறையும். நடும்போதே இடைவெளி விட்டால் தூரில் வெயிலும் காற்றும் படும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மேல் போட்டால் பயிர் கொழுக்கும். புகையானும் கொழுக்கும்.

ஊசி வாய் உள்ளவை எல்லாம் பகை என்று நினைக்க வேண்டாம். ஜார்க்கண்டில் பலாசு, குசும், இலந்தை மரங்களில் அரக்குப் பூச்சி வளர்க்கிறார்கள். சிறு குஞ்சு இளங்கிளையில் ஊசியைச் செருகும். பெண் பூச்சி பிறகு அந்த இடத்தை விட்டு நகராது. கால்கூட அதற்கு இல்லாமல் போய்விடும். சாற்றை உறிஞ்சிக்கொண்டே உடலிலிருந்து அரக்கைச் சுரந்து தன்னை மூடிக்கொள்ளும். அந்த அரக்குதான் வளையலாகிறது. கடிதத்தில் முத்திரை வைக்கும் மெழுகாகிறது. மரச்சாமானுக்கு மெருகாகிறது. ஆண்டுக்கு இரண்டு அறுவடை உண்டு. பழங்குடி மக்கள் பலருக்கு இது கைச்செலவுக்கு ஆகும் வருமானம். 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்குமில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

கொசுவிடம் ஆறு ஊசிகள்

கொசு கடிக்கிறது என்கிறோம். கொசுவுக்குப் பல் இல்லை. அது குத்துகிறது. வெளியே தெரிவது ஒற்றை ஊசி போல இருக்கும். அது வெறும் உறை. உறைக்குள் ஆறு ஊசிகள் உண்டு. இரண்டு ஊசிகளின் நுனியில் ரம்பம் போன்ற பற்கள் இருக்கும். அவை தோலை அறுக்கும். இரண்டு ஊசிகள் வழியை விலக்கிப் பிடிக்கும். ஒன்று எச்சிலை இறக்கும். ஒன்று இரத்தத்தை ஏற்றும். குத்தும்போது உறை உள்ளே போகாது. வில் போல வளைந்து வெளியே நிற்கும்.

குத்துவது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். ஆண் கொசு பூவின் தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும்.

கொசு ஏன் எச்சில் விடுகிறது? இரத்தக் குழாயில் காயம் பட்டதும் நம் இரத்தம் உறையும். காயம் பட்டால் பார்த்திருப்பீர்கள். உறைந்தால் கொசுவின் குழாய் அடைத்துக்கொள்ளும். உறையாமல் இருக்கத்தான் எச்சில். கடித்த இடம் தடித்து அரிப்பதும் இந்த எச்சிலால்தான். மலேரியாக் கிருமியும் இந்த எச்சிலோடுதான் நம் உடலுக்குள் வருகிறது.

இதைக் கண்டுபிடித்தது நம் நாட்டில்தான். முன்பு, கெட்ட காற்றால் மலேரியா வருகிறது என்று நம்பினார்கள். ரொனால்ட் ராஸ் என்ற இராணுவ மருத்துவர் செகந்திராபாத்தில் இருந்தார். மலேரியாக் காய்ச்சல் கண்ட உசேன் கான் என்பவரைக் கொசுக்கள் கடிக்க ஏற்பாடு செய்தார். ஒரு கொசு கடித்தால் ஓர் அணா கூலி. பிறகு அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். 1897 ஆகஸ்ட் 20-ஆம் நாள் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்தார். கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்கு வந்து சேருவதைப் பார்த்தார். வழி முழுவதும் தெரிந்துவிட்டது. 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓர் அணா வாங்கிய உசேன் கானையும் இங்கே நினைக்க வேண்டும்.

யானைக்கால் நோய் பரவும் வழி சற்று வேறு. அந்த நுண்புழு கொசுவின் வாய் உறையிலிருந்து நம் தோல்மேல் வரும். கொசு குத்திய துளை வழியாக உள்ளே நுழையும். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். மலேரியாக் கொசு பெரும்பாலும் இரவில் கடிக்கும். எனவே பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுவது நல்லது.

பீகாரில் வேறொரு சிறு பூச்சி உண்டு. அதை மணல் ஈ என்பார்கள். கொசுவைவிடச் சிறியது. அதன் வாய் குட்டையானது. ஆழமாகக் குத்தாது. தோலைக் கீறிக் குளம் போலத் தேங்கும் இரத்தத்தைக் குடிக்கும். காலா அசார் என்னும் கருங்காய்ச்சலைப் பரப்புவது இதுதான். மண் சுவரின் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையின் ஈரத்திலும் இது வளரும். அதனால்தான் சுவர் வெடிப்பைப் பூசச் சொல்கிறார்கள்.

வீட்டு ஈ

வீட்டு ஈயால் கடிக்கவும் முடியாது, குத்தவும் முடியாது. அதன் வாய் பஞ்சு போன்றது. நீராக இருப்பதை ஒற்றி எடுக்கும். சர்க்கரைக் கட்டியில் உட்கார்ந்தால் என்ன செய்யும்? எச்சிலைத் துப்பும். வயிற்றில் உள்ளதையும் கக்கும். கட்டி கரையும். கரைந்ததை உறிஞ்சும். சற்று முன் மலத்தில் உட்கார்ந்து உறிஞ்சியதும் அந்த வயிற்றில்தான் இருக்கிறது. குழந்தையின் கிண்ணத்தில் ஈ உட்கார்ந்து எழுந்தால், தின்றது கொஞ்சம், கக்கியது கொஞ்சம். வயிற்றுப்போக்கு வருவதற்கு இது போதும். ஒரு மூடித் தட்டின் விலை எவ்வளவு?

அட்டையும் நத்தையும்

மேகாலயத்திலும் குடகிலும் மழைக்காலத்தில் காட்டு வழி நடந்தால் காலில் அட்டை ஏறும். ஏறியதே தெரியாது. குளத்தில் வாழும் மாட்டு அட்டைக்கு மூன்று தாடைகள். மூன்றிலும் நுண்ணிய பற்கள். கடித்த இடத்தில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் சேர்ந்தது போலத் தடம் இருக்கும். அட்டையின் எச்சிலும் இரத்தத்தை உறையவிடாது. அட்டை விழுந்த பிறகும் இரத்தம் கசிவது அதனால்தான். பயப்பட வேண்டாம். பிடித்து இழுக்கவும் வேண்டாம். கவ்விய இடத்தில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

நத்தையின் வாயில் நாடா போன்ற ஒரு நாக்கு இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான பற்கள் வரிசை வரிசையாக உள்ளன. தேங்காய் துருவுவது போல அது இலையைத் துருவும். முன்வரிசைப் பற்கள் தேய்ந்து விழ விழப் பின்னாலிருந்து புதிய வரிசை வரும். ஆப்பிரிக்கப் பெருநத்தை நம் ஊர்க்காரர் அல்ல. 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டார்கள். இன்று கேரளம் உட்படப் பல மாநிலங்களில் பரவிவிட்டது. வாழை, பப்பாளி, காய்கறி எதையும் விடாது. ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவை என்பதால் வெள்ளையடித்த சுவரைக்கூடச் சுரண்டும்.

நத்தை பூச்சி அல்ல. பூச்சி மருந்துக்கு அது எளிதில் சாகாது. மாலையில் நனைந்த சாக்கைத் தோட்டத்தில் விரித்து, மேலே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு வையுங்கள். இரவில் நத்தைகள் அங்கே சேரும். காலையில் பொறுக்கிக் கெட்டியான உப்புக் கரைசலில் போடலாம். வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். சில நத்தைகளின் உடலில் மூளைக் காய்ச்சல் தரும் நுண்புழு உண்டு. நத்தை ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி, வேகவைத்த பிறகே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.